கந்தரோடையை எழுதலாமா, விடலாமா?

கேள்வி: பகலில் தனியார் கல்வி நிலையமொன்றில் வரலாறு படிப்பிக்கிறேன். வார இறுதியில் முதுமாணி வகுப்பு. ‘வடக்கு கிழக்கில் தமிழ்ப் பௌத்தம்’ என்று ஆய்வுத் தலைப்பு எடுத்திருக்கிறேன். பெரியமாமா கேட்டுவிட்டு, “எழுதாதை பிள்ளை, நாளைக்கு உன்ரை புத்தகத்தைக் காட்டித்தான் காணி பிடிப்பாங்கள்” என்கிறார். கூடப் படிக்கும் சிங்களத் தோழியோ, “அப்ப நாங்கள் சொன்னது சரிதானே!” என்று சந்தோஷப்பட்டாள். இரண்டும் ஒரே கிழமையில் நடந்தது. குடும்ப வட்ஸ்அப் குழுவில் வேறு, ஏதோ ஒரு கல்வெட்டுப் படத்தைப் போட்டு ‘நாங்கள்தான் முதலில்’ என்று எழுதுகிறார்கள். தலைப்பை மாற்றட்டுமா? அரசியல் கலக்காமல் எழுத வழி உண்டா?
வாசகி, வெள்ளவத்தை

பதில்: விடயத்தை மாற்ற வேண்டாம். தலைப்பில் இருக்கும் இரண்டு சொற்களை மாற்றினால் போதும். அவை எவை என்பதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் மாமா. அவருடைய பயத்தை வயதானவரின் பயம் என்று தள்ளாதீர்கள். 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைகளுக்கென ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டபோது அதில் தமிழரோ முஸ்லிமோ ஒருவர்கூட நியமிக்கப்படவில்லை. முல்லைத்தீவுக் குருந்தூர்மலையில் விகாரை கட்டும் விவகாரம் நீதிமன்றம் ஏறியது பத்திரிகை வாசிக்கும் எல்லோருக்கும் தெரியும். பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அவர் இரண்டு கேள்விகளை ஒன்றாகப் போட்டுப் பிசைந்துவிட்டார்.

ஒரு காணி யாருடையது என்பதைத் தீர்மானிப்பவை உறுதி, அனுமதிப்பத்திரம், பிரதேச செயலகக் கோப்பு, வர்த்தமானி, நீதிமன்றக் கட்டளை ஆகியவை. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்துக்குக் கல்லின் மதமும் தேவையில்லை, மொழியும் தேவையில்லை. 1815 மார்ச் 2க்கு, அதாவது கண்டி உடன்படிக்கை நாளுக்கு, முற்பட்டது என்று நம்ப நியாயம் இருந்தால் அது தொல்பொருள். சிவன் கோயில் அத்திவாரமும் அப்படித்தான், ஒல்லாந்தர் கோட்டையும் அப்படித்தான். யாழ்ப்பாணத்துக் கந்தரோடையில் உள்ள பழைய பௌத்தத் தூபிகளைத் தமிழர் கட்டினர் என்று நீங்கள் நிறுவினாலும், சிங்களவர் கட்டினர் என்று வேறொருவர் நிறுவினாலும், தொல்பொருள் திணைக்களத்தின் அதிகாரம் ஓர் அங்குலமும் கூடாது, குறையாது. அந்தச் சட்டம் நடைமுறையில் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது பெரிய சண்டை. அதை வழக்கறிஞரும் மக்கள் பிரதிநிதிகளும்தான் பிடிக்க வேண்டும். உங்கள் அடிக்குறிப்பால் அதைப் பிடிக்க முடியாது.

எழுதாமல் விட்டால் மறைந்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. வரலாற்றாய்வாளர் பால் ஈ. பீரிஸ் 1917இல் கந்தரோடையை ஆராயத் தொடங்கி, கண்டதை அச்சிலும் போட்டு, நூறு வருடம் தாண்டிவிட்டது. 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அரும்பொருளகத்தார் அங்கே குழி வெட்டி, தமிழகப் பெருங்கற்கால இடங்களில் கிடைப்பதை ஒத்த கறுப்பு-சிவப்பு மட்பாண்டங்களை எடுத்தார்கள். முழுப் பூசணிக்காய் எப்போதோ சோற்றுக்கு மேலே வந்துவிட்டது. நீங்கள் ஒதுங்கினால் அதைப் பற்றி எழுதுபவர்களில் தமிழ்ச் சாசனம் வாசிக்கத் தெரிந்த ஒருவர் குறைவார், அவ்வளவுதான்.

‘அரசியல் கலக்காமல்’ என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்வி உங்களுக்கு வந்ததே இன்றைய அரசியலால்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, எல்லாக் காலத்திலும் கேள்விகள் அப்படித்தான் வந்தன. விடை எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் காவல் காக்க வேண்டும். எப்படி என்று ஒரே ஒரு கல்லை வைத்துப் பார்ப்போம்.

பொலன்னறுவையில் அட்டதாகே என்ற கட்டடத்தின் பக்கத்தில் நிற்கும் வேளைக்காரர் சாசனத்தை எடுங்கள். இலங்கைக் கல்வெட்டுகளின் தொகுப்பான ‘எபிகிராபியா செய்லானிக்கா’வின் 2ஆம் தொகுதியில் பாடமும் மொழிபெயர்ப்பும் உண்டு. பேராசிரியர் சி. பத்மநாதனின் ‘இலங்கைத் தமிழ்ச் சாசனங்கள்’ தொகுதிகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 12ஆம் நூற்றாண்டின் தொடக்கம், முதலாம் விஜயபாகு இறந்த பிறகு வெட்டியது. 1070இல் சோழரை இந்தத் தீவிலிருந்து துரத்தியவன் அந்த விஜயபாகு. கல்லின் மொழி தமிழ். விடயம் புத்தரின் தந்ததாது இருந்த மாளிகை. அதைத் தங்கள் பாதுகாப்பில் ஏற்பதாக வேளைக்காரப் படையினர் உறுதி செய்து, அதற்கு ‘மூன்றுகைத் திருவேளைக்காரன் தளதாய்ப் பெரும்பள்ளி’ என்று தங்கள் பெயரையே வைக்கிறார்கள்.

இவ்வளவையும் கேட்டதும் ஒருவருக்கு ‘தமிழர்தான் தலதாவைக் காத்தார்கள்’ என்று எழுதக் கை துறுதுறுக்கும். மற்றவருக்கு ‘தமிழ்ப் படையே சிங்கள மன்னனுக்குக் கீழ்தானே’ என்று தோன்றும். இருவரும் கல்லை இன்னும் வாசிக்கவில்லை. படையில் யார் யார் என்று கல் தானே பட்டியல் தருகிறது: வலங்கை, இடங்கை, சிறுதனம், பிள்ளைகள்தனம், வடுகர், மலையாளர் என்று போகிறது. வடுகர் என்றால் தெலுங்கர். ஆக, தமிழில் எழுதிய படை முழுதும் தமிழர் அல்லர். கூலிக்கு வந்த தென்னிந்தியப் படை அது. அதன் பொது எழுத்து மொழி தமிழ்.

அடுத்து, பாளி வரலாற்று நூலான சூளவம்சத்தைத் திறந்தால், இதே வேளைக்காரர் இதே விஜயபாகுவுக்கு எதிராகக் கலகம் செய்து அரண்மனைக்குத் தீ வைத்தார்கள் என்று இருக்கிறது. காரணம், சோழரோடு போருக்குப் போகச் சொன்னது. கலகத்தை எழுதியவர் ஒரு பிக்கு. உறுதிமொழியை வெட்டியவர்கள் படையினர். இரண்டு சான்றுக்கும் எழுதியவருடைய தேவை வேறு. ஒன்றை வைத்து மற்றதைப் பொய் என்று தள்ளாதீர்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால், ஒரு காலத்தில் நம்பமுடியாதிருந்த படையொன்று அடுத்த தலைமுறை அரசுரிமைச் சண்டை நேரத்தில் தன்னை நம்பத்தக்கதாகக் காட்ட ஏன் கல்லில் எழுதவேண்டி வந்தது என்ற, இன்னும் ருசியான கேள்வி கிடைக்கும்.

இதற்கு ஒரு குறிப்பேட்டு முறை உண்டு. பக்கத்தை நான்கு நிரலாகப் பிரியுங்கள். முதல் நிரலில் மூலம் சொல்வது, வரி எண்ணோடு, அப்படியே. இரண்டாவதில் வாசித்தவர் யார், எந்த ஆண்டில், வேறு வாசிப்பு உண்டா. மூன்றாவதில் உங்கள் ஊகம். நான்காவதில், இந்த மூலம் எதைச் சொல்லவில்லை. பெரும்பாலான மாணவர்கள் மூன்றாவது நிரலை முதலாவதில் எழுதிவிடுவார்கள், பிழை தொடங்கும் இடம் அதுதான். நான்காவது நிரல் வெறுமையாக இருக்கும் பக்கத்தை ஆய்வேட்டில் பயன்படுத்தாதீர்கள்.

அநுராதபுரத்தில் அபயகிரிக்குப் பக்கத்தில் உள்ள தமிழ் வணிகர் மேடைக் கல்வெட்டு நல்ல பயிற்சி. கி.மு. 2ஆம் நூற்றாண்டை ஒட்டிய பிராமி எழுத்து. அதில் ‘தமெட சமண’ என்று வருகிறது. அதைக் கண்டதும் ‘தமிழ்ச் சமணர்’ என்று எழுதி, ஜைன மதத்தைக் கொண்டுவந்தவர்கள் உண்டு. அங்கே சமண என்பது ஓர் ஆளின் பெயராகவே கொள்ளப்படுகிறது. அந்த மேடையில் ஒரு கப்பல் தலைவனுக்கும் இருக்கை இருந்தது. கல்வெட்டின் மொழி பிராகிருதம். அன்றைய தீவில் கல்லில் வெட்ட வேண்டுமென்றால் பெரும்பாலும் பிராகிருதத்தில்தான் வெட்டினார்கள், வீட்டில் என்ன மொழி பேசினாலும். இன்று கொழும்பில் கலியாண அழைப்பிதழை ஆங்கிலத்தில் அடிக்கிறோமே, அதை எடுத்து நாளை ஒருவர் ‘வெள்ளவத்தையில் ஆங்கிலேயர் வாழ்ந்தனர்’ என்று எழுதினால் எப்படியிருக்கும்?

இனி அந்த இரண்டு சொற்கள்.

‘வடக்கு கிழக்கு’ என்பது உங்கள் காலத்துக்குப் பொருந்தாது. மாகாணங்கள் 1833இல் வந்தவை. அப்போது போட்ட வட மாகாணத்துக்குள் அநுராதபுரமும் இருந்தது. 1873இல் வடமத்திய மாகாணம் பிரிந்த பிறகுதான் அது வெளியே போனது. கி.பி. 2ஆம் நூற்றாண்டைப் பற்றி எழுதும்போது நாகதீவு, உத்தரதேசம் என்று மூலத்தில் உள்ள பெயரை முதலில் போட்டு, இன்றைய தமிழ்ப் பெயரையும் சிங்களப் பெயரையும் அடுத்து ஒருமுறை கொடுங்கள்.

‘தமிழ்ப் பௌத்தம்’ இன்னும் சிக்கல். அந்தச் சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு ஆட்கள் இருக்கிறார்கள்: தமிழ் பேசிய பௌத்தர், இன்று தமிழர் வாழும் ஊரில் அன்று வாழ்ந்த, என்ன பேசினார் என்று தெரியாத பௌத்தர், சைவராகவே இருந்துகொண்டு பௌத்தப் பள்ளிக்கு, அதாவது விகாரைக்கு, விளக்கெரிக்கக் கொடுத்த தமிழர். திருகோணமலை வெல்கம் விகாரையில் சோழர் காலத் தமிழ்ச் சாசனங்கள் இருக்கின்றன. இராசராசப் பெரும்பள்ளி என்று அதற்குச் சோழன் பெயரே இருந்தது. ஊரார் அதை நாதனார் கோயில் என்பார்கள். அங்கே தமிழில் தானம் பதிந்திருப்பது உறுதி. தானம் கொடுத்த ஒவ்வொருவரும் பௌத்தர் என்பது உறுதியில்லை. சைவனான இராசராசனே நாகபட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு ஊர் கொடுத்தவன்தானே. ஆகவே தலைப்பை ‘தமிழ்ச் சாசனங்களில் பௌத்தப் பள்ளிகள்’ என்று வைத்துப் பாருங்கள். சான்று எவ்வளவு தூரம் போகிறதோ, தலைப்பும் அவ்வளவு தூரம்தான் போகும். கந்தரோடையில் தமிழ்ச் சாசனம் இல்லாததால் அது பின்னணி அத்தியாயமாகப் போய்விடும். அங்கு நிற்கும் குமிழ் வடிவங்கள் திணைக்களம் திருத்தியமைத்தவை என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். இன்று எடுத்த படத்தை வைத்துக் கட்டடக் கலையைப் பற்றி முடிவு சொன்னால், திருத்தியவரின் கலையைத்தான் சொல்வீர்கள்.

மாமா பயப்படும் வெட்டி ஒட்டும் வேலைக்கும் ஒரு தடை உண்டு. அது வாக்கிய அமைப்பில் இருக்கிறது. 1936இல் யாழ்ப்பாணத்து வல்லிபுரத்தில் கிடைத்த பொற்சாசனத்தைப் பற்றி இப்படி எழுதுவீர்கள் என்று வைத்துக்கொள்வோம்:

“வசப மன்னன் காலத்தில் நாகதீவில் விகாரை கட்டப்பட்டது. ஆனால் அங்கு வாழ்ந்தோர் பேசிய மொழியைச் சாசனம் சொல்லவில்லை.”

இரண்டும் சரி. ஆனால் முதல் வாக்கியத்தை மட்டும் வெட்டி முகநூலில் போட 5 செக்கன் போதும். இதையே இப்படி எழுதுங்கள்:

“அங்கு வாழ்ந்தோர் பேசிய மொழி எதுவென்று சொல்லாத, பிராகிருதத்தில் எழுதப்பட்ட வல்லிபுரப் பொற்சாசனம், வசப மன்னன் காலத்தில் நாகதீவில் ஒரு விகாரை கட்டப்பட்டதைக் குறிக்கிறது.”

தமிழில் பெயரெச்சம் பெயருக்கு முன்னால் வந்து உட்காரும். அதனால் எல்லையை முதலில் சொல்லிவிட்டுச் செய்திக்குப் போகலாம். வெட்ட நினைப்பவர் வாக்கியத்தின் தலையையே வெட்ட வேண்டும், வெட்டியது தெரியும். சிங்களத்திலும் இந்த வசதி உண்டு. ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கும்போது அந்தத் தொடர் வாலுக்குப் போய்விடும், ஆகவே ஆங்கிலச் சுருக்கத்தை மேற்பார்வையாளரிடம் கொடுக்கமுன் இந்த ஒரு விடயத்துக்காகவே மீண்டும் வாசியுங்கள். எல்லா வாக்கியத்தையும் இப்படி எழுதினால் வாசிப்பவருக்கு மூச்சு முட்டும். ஆய்வேடு முழுவதிலும் பத்துப் பன்னிரண்டு வாக்கியங்கள்தான் ஆபத்தானவை. அவற்றுக்கு மட்டும் செய்யுங்கள்.

காலக் கணக்கிலும் கவனம். சோழர் சாசனங்கள் ஆட்சியாண்டு தரும். முதலாம் இராசேந்திரனுக்குத் தகப்பன் இறந்த 1014இல் இருந்து எண்ணினால் இரண்டு வருடம் பிழைக்கும். அவனுடைய ஆட்சியாண்டுகள், தகப்பன் உயிரோடிருக்கும்போதே பட்டம் ஏறிய 1012இல் இருந்து எண்ணப்படுகின்றன. சக ஆண்டைக் கி.பி. ஆண்டாக்க 78 கூட்டுங்கள். சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய தை, மாசி, பங்குனி என்றால் 79. வெறும் ‘குரோதி வருடம்’ என்று மட்டும் இருந்தால் அது 1904ஆகவும் இருக்கலாம், 1964ஆகவும் இருக்கலாம், 2024ஆகவும் இருக்கலாம். அறுபது வருடச் சக்கரம் தனியே நின்று காலம் சொல்லாது.

கொழும்பில் இருப்பது உங்களுக்கு வாய்ப்பு. 57ஆம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் கூப்பிடு தூரம். கொழும்பு 7இல் தேசிய அரும்பொருளகமும் அதன் நூலகமும், தொல்பொருள் திணைக்களமும், தேசிய சுவடிகள் திணைக்களமும் ஒன்றுக்கொன்று நடை தூரத்தில் இருக்கின்றன. அரும்பொருளகத்துக்குள் போனால் காலி மும்மொழிக் கல்வெட்டின் முன் அரை மணி நேரம் நில்லுங்கள். 1409இல் சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ கொண்டுவந்தது. 1911இல் காலியில் மதகு மூடியாகக் கிடந்து எடுத்தார்கள். சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தேனவரை நாயனார் என்ற விஷ்ணுவையும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வையும் போற்றுகிறது. காணிக்கைப் பட்டியல் மட்டும் மூன்றிலும் ஏறத்தாழ ஒன்று. ஒரு மொழியை மட்டும் வாசிக்கத் தெரிந்தவர் இந்தக் கல்லைப் பற்றி எவ்வளவு பிழையாகவும் எவ்வளவு உறுதியாகவும் பேசுவார் என்று எண்ணிப் பாருங்கள். சிங்களம் வாசிக்கப் பழகுங்கள் என்று சொல்வதற்கும் அதுதான் காரணம். திணைக்கள அறிக்கைகளில் பாதி அதில்தான் கிடக்கிறது.

சுவடிக்கூடத்துக்குப் பேனா கொண்டுபோகாதீர்கள், பென்சில் போதும். திணைக்களக் கோப்போ வர்த்தமானிப்படுத்திய இடங்களின் பட்டியலோ கேட்டுக் கிடைக்காவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்த் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ‘எல்லாத் தகவலும் தருக’ என்று கேட்டால் மறுப்பதற்கு வசதி செய்து கொடுக்கிறீர்கள். இடத்தின் பெயர், மாவட்டம், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, எந்த ஆவணம் என்று ஒன்றொன்றாகக் கேளுங்கள்.

களத்துக்குப் போகும்போது பல்கலைக்கழகக் கடிதம் கையில் இருக்கட்டும். கிராம அலுவலருக்கும் அந்த விகாரை அல்லது கோயில் பொறுப்பாளருக்கும் முதலே சொல்லிவிடுங்கள். எழுத்துத் தெரியவில்லை என்று கல்லில் சோக்கு, எண்ணெய், மஞ்சள் எதையும் பூசாதீர்கள். கல் கெடும், சட்டமும் பிடிக்கும். வெயில் சாய்ந்த பிறகு, ரோச் லைட்டைக் கல்லின் மேற்பரப்போடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்து, இடம், வலம், மேல், கீழ் என்று நான்கு திசையிலிருந்தும் ஒவ்வொரு படம் எடுங்கள். ஓர் அளவுகோல் படத்துக்குள் இருக்கட்டும். இடமிருந்து வந்த ஒளியில் கீறல் போலத் தெரிந்தது மேலிருந்து வந்த ஒளியில் எழுத்தாகும், சிலவேளை மறுபக்கமாகவும் நடக்கும். கல்லில் தாளை ஒட்டி மை ஒற்றி மைப்படி எடுப்பது திணைக்கள அனுமதியோடு மட்டும். காவலில்லாத இடங்களின் துல்லியமான அமைவிடத்தை ஆய்வேட்டில் அச்சிடாதீர்கள். அரசியல்வாதிக்கு முன்பே புதையல் தோண்டுபவன் வாசிப்பான்.

வட்ஸ்அப் படத்துக்கு மூன்று கேள்வி போதும்: அந்தக் கல் இப்போது எங்கே இருக்கிறது, முதலில் வாசித்து வெளியிட்டவர் யார், சொல்லப்படும் சொல் எத்தனையாவது வரியில் இருக்கிறது. பதில் வராவிட்டால் நீங்களும் பேசாமல் இருங்கள். குடும்பக் குழுவில் கல்வெட்டியல் வகுப்பு எடுப்பது வீண் வேலை.

எழுதிய பிறகு ஒரு முடிவு பிழை என்று தெரிந்தால்? பேராசிரியர் கா. இந்திரபாலா இலங்கையில் தமிழர் குடியேற்றம் பற்றி 1965இல் லண்டனில் கலாநிதிப் பட்டத்துக்கு எழுதிய முடிவுகளை, நாற்பது வருடம் கழித்து 2005இல் வெளிவந்த தன் நூலில் தானே வெளிப்படையாகத் திருத்தினார். அதனால் அவர் பெயர் கெடவில்லை. பழைய முடிவை இன்னும் தூக்கிப் பிடிப்பவர்களுக்குத்தான் சங்கடம்.

இனி ஒரு வேலை. வேளைக்காரர் சாசனத்தைப் பற்றி 300 சொல்லில் ஒரு பந்தி எழுதுங்கள். தமிழில் மாமாவுக்கும் சிங்களத்தில் தோழிக்கும் தனித்தனியே வாசித்துக் காட்டுங்கள். விளக்கம் சொல்லாதீர்கள். எந்தச் சொல்லில் மாமா “பொறு” என்கிறார், எந்தச் சொல்லில் தோழி முகம் மாறுகிறாள் என்று மட்டும் ஓரத்தில் குறியுங்கள். அந்தச் சொற்களை எடுத்துக்கொண்டு மறுநாள் உங்கள் குறிப்பேட்டுக்குப் போய், ஒவ்வொன்றும் முதலாம் நிரலிலிருந்து வந்ததா மூன்றாம் நிரலிலிருந்து வந்ததா என்று பாருங்கள். முதலாவதிலிருந்து வந்தது அப்படியே நிற்கட்டும், யார் முகம் சுளித்தாலும்.